‘உங்களால் முடியும்’ வகுப்பில் பன்னிரண்டு வாரம்: எது உருப்படி, எது வெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி வகுப்புகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு “உங்களுக்குள் ஒரு சிங்கம் தூங்குகிறது” என்று கத்துவார், கீழே இருப்பவர்கள் கை தட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் சிங்கம் மறுபடி படுத்துக்கொள்ளும். இரண்டு தடவை அப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். அப்படியிருந்தும் ஒரு பன்னிரண்டு வார இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தேன், பாதியில் ஓடாமல் முடித்தேன், முடித்து இரண்டு மாதமும் ஆகிவிட்டது. சூட்டோடு எழுதினால் ஒன்று ஒரேயடியாகப் புகழ்வேன், இல்லாவிட்டால் திட்டித் தீர்ப்பேன் என்று தெரிந்துதான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

நடத்தும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடம் நிறைய இருக்கிறது, தவிர இதே அச்சில் வார்த்த வகுப்புகள் இப்போது பல இடங்களில் நடக்கின்றன. நீங்கள் சேர நினைப்பது வேறொன்றாக இருந்தாலும் எதைப் பார்த்துச் சேரலாம், எதைப் பார்த்தால் திரும்பி வந்துவிடலாம் என்பதற்கு இது உதவும்.

கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது இவ்வளவு: சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேர நேரலை வகுப்பு, அச்சடித்து வீட்டுக்கு அனுப்பும் பணிப்புத்தகம், ஒரு கைபேசிச் செயலி, ஒரு வாட்ஸ்அப் குழு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நம்மோடு தனியாக அரை மணி நேரம் பேசும் வழிகாட்டி ஒருவர். இந்த ஐந்தில் இரண்டு தங்கம், ஒன்று பரவாயில்லை, ஒன்று தலைவலி, இன்னொன்று இல்லாமலே இருந்திருக்கலாம்.

சேரும்போதே ஒரு நிபந்தனை போட்டார்கள். “வாழ்க்கையில் முன்னேற வேண்டும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஏற்க மாட்டார்களாம், செய்ய முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் காரியம் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது, வீட்டில் கார் நிற்கிறது, நான் ஓட்டுவதில்லை. தேர்வு எழுதி, எட்டுப் போட்டுக் காட்டி, முறைப்படி வாங்கிய உரிமம். வாங்கிய மூன்றாவது வாரம் ஒரு மேட்டில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் உருண்டு, பின்னாலிருந்தவர் இறங்கி வந்து ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையோடு சாவியை வைத்தவள்தான். அதற்கப்புறம் கேட்பவர்களிடமெல்லாம் “எனக்கு ஓட்டுவதில் அவ்வளவு ஆர்வம் இல்லை” என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். ஆர்வம் இல்லாமல் இல்லை. பயம்.

முதல் வகுப்பு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. சிங்கம் வரவில்லை, ஆல்பர்ட் பண்டூரா வந்தார். கனடாவில் பிறந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து, 2021இல் காலமான உளவியலாளர். அவர் 1977இல் எழுதிய கட்டுரையை வைத்துத்தான் இந்தப் பயிற்சியே கட்டப்பட்டிருக்கிறது. அவர் சொன்ன கருத்தைத் தமிழில் தன்திறன் நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். ‘நான் நல்லவள், மதிப்புள்ளவள்’ என்ற தன்மதிப்பு வேறு, ‘இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்து முடிக்க முடியும்’ என்ற நம்பிக்கை வேறு. எனக்கு என்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை, நன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் மேட்டில் வண்டியை எடுக்க முடியும் என்று மட்டும் நம்பவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரும் “கொஞ்சம் தன்னம்பிக்கையோடு இரு” என்று சொன்னது ஏன் எனக்குள் இறங்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மருந்து சரியாகவே இருந்தாலும் வலி இருக்கும் இடத்தில் தடவவில்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும் என்பதற்கு பண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார்: நாமே செய்து ஜெயிப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பும்படியான ஒருவர் உன்னால் முடியும் என்று சொல்வது, அந்த நேரத்தில் நம் உடம்பு படும் பாட்டை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கிலும் முதலாவதுதான் பலமானது. மற்றவை துணைக்கு. இதை முதல் நாளே ஒழுங்காகச் சொல்லிவிட்டு, அப்புறம் அடுத்த இரண்டு வாரத்தை முதலாவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் செலவழித்தார்கள் என்பதுதான் என் முதல் புகார்.

இரண்டாம் வாரம் படம் வெட்டி ஒட்டச் சொன்னார்கள், கனவுப் பலகையாம். ஒட்டினேன். ஒரு சிவப்புக் கார், ஒரு கடற்கரைச் சாலை. மூன்றாம் வாரம் கண்ணாடி முன்னால் நின்று காலையும் இரவும் “நான் அற்புதமான ஓட்டுநர்” என்று பத்து முறை சொல்ல வேண்டும். நான்காவது தடவை சொல்லும்போதே உள்ளே இருந்து ஒரு குரல் “யாரிடம் கதை விடுகிறாய்” என்று கேட்டுவிட்டது. ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாக உணர்ந்தேன், குழுவில் அதைச் சொன்னபோது “இன்னும் ஆழமாக நம்பிச் சொல்லுங்கள்” என்று பதில் வந்தது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம். ஏனென்றால் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோஆன் வுட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மதிப்புக் குறைவாக இருந்தவர்களுக்கு மனநிலை இன்னும் இறங்கியது. ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்குத்தான் துளி லாபம். அதாவது தேவைப்படாதவர்களுக்கு வேலை செய்கிற மருந்து. பண்டூரா பெயரைச் சொல்லி ஆள் சேர்க்கும் பயிற்சி இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

சரி, திட்டியாயிற்று. இப்போது தங்கத்துக்கு வருகிறேன்.

நான்காம் வாரத்துக்கான பணிப்புத்தகப் பக்கம் ஒன்று போதும், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். நடுவில் ஓர் ஏணி வரைந்திருக்கிறது. உங்கள் காரியத்தைப் பத்துப் பன்னிரண்டு படிகளாக உடைத்து, சுலபமானதைக் கீழேயும் கடினமானதை மேலேயும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இன்றைக்கே செய்யச் சொன்னால் எவ்வளவு உறுதியாக என்னால் முடியும்?’ என்று 0 முதல் 100 வரை ஓர் எண் போட வேண்டும். இது அவர்கள் கண்டுபிடிப்பு கிடையாது, தன்திறன் நம்பிக்கையை அளக்க பண்டூராவே பரிந்துரைத்த அளவுகோல்தான் இது. ஆனால் அதை மனசாட்சியோடு போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன ஒரு வெளிச்சம் அது என்று.

என் ஏணி இப்படி இருந்தது. நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து அணைப்பது, 95. காலியான மைதானத்தில் முதல் கியரில் நேராகப் போவது, 80. விடியற்காலையில் எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது, 60. சிக்னலில் நின்று எடுப்பது, 40. ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது, 25. மேட்டில் நின்று எடுப்பது, 10. நிலத்தடி வாகன நிறுத்தத்தின் வளைந்த ஏற்றத்தில் ஏறி வெளியே வருவது, பூஜ்யம். எழுதிவிட்டுப் பார்த்தால், ஒன்பது வருஷமாக ‘எனக்கு ஓட்ட வராது’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி பொய். பாதி வரும். எனக்கு வராதது மூன்று விஷயம், அந்த மூன்றையும் எண்களோடு காகிதத்தில் பார்க்கிறேன்.

விதி என்னவென்றால், 70க்கும் 80க்கும் நடுவில் இருக்கும் படியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 95ல் ஆரம்பித்தால் ஜெயித்தாலும் ஒன்றும் ஒட்டாது, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று போய்விடும். 10ல் ஆரம்பித்தால் தோற்றுவிட்டு ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்று உட்கார்ந்துவிடுவோம். இந்த 70, 80 கணக்கு வழிகாட்டியின் கைமருந்து என்று அவரே சொன்னார், ஆராய்ச்சி முடிவு என்று ஜோடிக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. என் பட்டியலில் மைதானம்தான் அதற்குப் பொருந்தியது, 80.

படிகளைச் சிறிதாக்குவதற்கு வகுப்பில் ஒரு பழைய ஆய்வைச் சொன்னார்கள், எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1981இல் பண்டூராவும் டேல் ஷங்க்கும் கழித்தல் கணக்கு வராத, கணக்கே பிடிக்காத குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 42 பக்கப் பயிற்சி, ஏழு அமர்வு. ஒரு பிரிவுக்கு ‘ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள்’ என்றார்கள், இன்னொரு பிரிவுக்கு ‘ஏழாவது அமர்வின் முடிவில் 42 பக்கமும் முடிய வேண்டும்’ என்றார்கள். பக்கங்கள் அதே, கணக்கு அதே. ஆறு ஆறாகப் போன பிள்ளைகளுக்குத்தான் கணக்கும் வந்தது, ‘எனக்கு வரும்’ என்ற நம்பிக்கையும் வந்தது, கணக்கின் மேல் ஆசையும் வந்தது. நான் இதுவரை எனக்கு வைத்துக்கொண்ட இலக்குகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். எல்லாமே 42 பக்கம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை நடந்ததுதான் நிஜமான பயிற்சி. சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானம். இங்கேயும் ஒரு சின்ன உத்தி கொடுத்தார்கள், ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்த விஷயம், 2006இல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் நன்றாகவே வேலை செய்ததாக வந்திருக்கிறது. ‘வார இறுதியில் ஓட்டிப் பழகுவேன்’ என்று எழுதக் கூடாது. ‘காலை அலாரத்தை அணைத்ததும், பல் தேய்க்கப் போகும் முன்பே கார் சாவியை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைப்பேன்’ என்று எழுத வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சாவி கதவுப் பக்கம் வந்துவிட்டால், மறுபடி அதை உள்ளே கொண்டுபோய் வைக்க வெட்கமாக இருக்கிறது, அந்த வெட்கம்தான் என்னை வெளியே தள்ளியது.

பக்கத்து இருக்கையில் யார் உட்காருவது என்பதில்தான் பெரிய பாடம். முதல் இரண்டு வாரம் என் கணவர் வந்தார். நல்ல மனிதர், திட்டவே மாட்டார். ஆனால் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கும், நான் திரும்பும்போதெல்லாம் “ஸ்ஸ்” என்று மூச்சை இழுப்பார். ஒரு வார்த்தை சொல்லாமலே ‘உன்னால் முடியாது’ என்று ஒருவர் சொல்ல முடியும் என்பதை அப்போதுதான் கண்டேன். பேச்சால் ஒருவருக்கு நம்பிக்கையை ஏற்றுவதைவிட இறக்குவது எளிது என்று பண்டூராவும் எழுதியிருக்கிறார். மூன்றாவது வாரம் தங்கையைக் கூட்டிப்போனேன். அவள் வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அருமையான பயிற்றுநர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். பாராட்டு மழை சுத்த வெட்டி. யார் என்ன போட்டாலும் “சூப்பர்”, “கலக்கிட்டீங்க”, மூன்று கைதட்டல் படம். நான் சோதித்தே பார்த்தேன், ஒரு நாள் “இன்று பயிற்சி செய்யவில்லை” என்று போட்டேன், அதற்கும் இரண்டு பேர் கை தட்டினார்கள். அதற்கு நேர் எதிராக வழிகாட்டி, நான் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு, “மூன்றாவது முறை கிளட்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு நொடி காத்திருந்தீர்கள், அதனால்தான் வண்டி குலுங்கவில்லை” என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டது, ஏனென்றால் நான் செய்த ஒன்றைச் சொல்கிறது, மறுபடியும் செய்ய முடிகிற ஒன்றைச் சொல்கிறது.

ஆனால் அதே குழுவில்தான் இன்னொரு பெண்மணி இருந்தார், என்னைவிட வயதில் பெரியவர், அவருடைய காரியமும் ஓட்டுவதுதான். அவர் ஒளிவுமறைவே இல்லாமல் எல்லாவற்றையும் போடுவார்: இன்று சுவரில் பக்கக் கண்ணாடியை இடித்தேன், இன்று சிக்னலில் இரண்டு முறை ஆஃப் ஆனது, இன்று ஆஃப் ஆகவில்லை. வகுப்பில் காட்டிய சாதனையாளர் காணொளிகள் ஒன்றுகூட எனக்கு ஒட்டவில்லை, மலை ஏறினார், கடல் நீந்தினார், நல்லது, வாழ்க. இந்த அக்காவின் இடிபட்ட கண்ணாடிப் படம்தான் என்னை எழுப்பி மைதானத்துக்கு அனுப்பியது. நம்மைப் போல் தடுமாறி, தடுமாறி, அப்புறம் தேறும் ஆளைப் பார்த்தால்தான் ‘அவரால் முடிந்தால் என்னாலும்’ என்று தோன்றும், முதல் முறையே சுத்தமாகச் செய்பவரைப் பார்த்தால் வாயைப் பிளந்து வேடிக்கைதான் பார்ப்போம். ஷங்க் 1980களில் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் போகின்றன. இதைத் தெரிந்துவைத்திருக்கும் பயிற்சியாளர்கள் எதற்காக மலை ஏறுபவரைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. விளம்பரத்துக்கு அழகாக இருக்கும் போல.

உடம்பு சமாச்சாரத்துக்கு அரை வகுப்புதான் ஒதுக்கினார்கள், எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு தடதடக்கும், அதையே நான் ‘பார், உனக்கு வராது’ என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வேன். மூச்சை இழுத்து விட்டு அமைதியாகுங்கள் என்றார்கள், முயன்றேன், அமைதியாகவில்லையே என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டது. உருப்படியாக உதவியது வழிகாட்டி போகிறபோக்கில் சொன்ன ஒன்று: அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்களாம். தடதடப்பை அடக்க வேண்டாம், அதற்கு வேறு பெயர் வைத்தால் போதும். கண்ணாடி முன் சொன்ன பொய்க்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இது உடம்பில் ஏற்கெனவே நடப்பதற்குச் சூட்டும் பெயர். எனக்கு முழுசாக இல்லை, முக்கால்வாசி வேலை செய்தது.

ஏழாம் வாரம் சறுக்கினேன். மைதானம், தெரு, சிறிய சிக்னல் எல்லாம் தாண்டி, தைரியம் கொஞ்சம் அதிகமாகி, அட்டவணையில் இல்லாத ஒரு மேட்டுச் சாலைக்குப் போய்விட்டேன். சிவப்பு விளக்கு. பின்னால் வரிசை. பச்சை விழுந்ததும் ஆஃப். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். பின்னால் ஹாரன் கச்சேரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, அன்றைக்கென்று பக்கத்தில் இருந்த கணவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். பத்து நாள் வண்டிப் பக்கமே போகவில்லை.

இங்கேதான் அந்தச் செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடர்ச்சியாக எத்தனை நாள் ஏதாவது செய்தோம் என்று எண்ணிக்கொண்டே வரும், ஒரு செடி வளரும். பத்து நாள் விட்டதும் எண்ணிக்கை பூஜ்யம், செடி வாடிப் பழுப்பாகிவிட்டது, “நீங்கள் உங்கள் கனவைக் கைவிட்டுவிட்டீர்களா?” என்று அறிவிப்பு வேறு. ஏற்கெனவே கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கும் கேள்வியா இது? இந்தச் செயலி முழுக்க ‘21 நாளில் பழக்கம்’ என்ற கணக்கில் ஓடுகிறது. அந்த 21, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் எழுதினார், ‘குறைந்தது’ காணாமல் போய் 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. பழக்கம் உருவாவதை நிஜமாகவே அளந்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவும். 96 பேரைப் பின்தொடர்ந்தார்கள், சராசரியாக 66 நாள் வந்தது, ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்பதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். என் விஷயம் ஒரு நாள் அல்ல, பத்து நாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதுவரை ஓட்டியது என் கையிலும் காலிலும் இருக்கிறது, செயலி சொன்னதால் அது பூஜ்யமாகிவிடாது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். “உங்கள் பயணத்தில் நாங்கள் என்றும் உங்களுடன்” என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தது வழிகாட்டியின் அழைப்பு. ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பணிப்புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் மூன்று கட்டம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என்ன நடந்தது, அப்போது நான் என்ன செய்தேன், அடுத்த முறை எதை மாற்றுவேன். முதல் கட்டத்தில் நான் “எனக்குத் திறமை இல்லை” என்று எழுதினேன், “அது நடந்தது இல்லையே, அது நீங்கள் போட்ட தீர்ப்பு, நடந்ததை எழுதுங்கள்” என்றார். வண்டி ஆஃப் ஆனது, இரண்டு முறை. என்ன செய்தேன்? ஹாரன் கேட்டதும் கிளட்சைப் படாரென்று விட்டேன். எதை மாற்றலாம்? ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டு, கிளட்சைப் பாதிக்கு விட்டு, வண்டியின் மூக்கு லேசாக எழும்பியதும் பிரேக்கை விடலாம். ஒன்பது வருஷம் என் குணத்தின் மேல் போட்டிருந்த பழியை அரை மணி நேரத்தில் என் இடது காலுக்கு மாற்றிவிட்டார். இடது காலைப் பழக்க முடியும். அப்புறம் சொன்னார், “எந்தப் படியில் விழுந்தீர்களோ அதற்கு ஒரு படி கீழே இறங்கி ஆரம்பியுங்கள், முதல் படிக்குப் போக வேண்டாம்.” ஆளில்லாத நேரத்தில், ஆளில்லாத மேட்டில், இருபது முறை. பதினோராவது முறைக்கு அப்புறம் ஆஃப் ஆகவில்லை. அன்று மாலை 10 என்று போட்டிருந்த இடத்தில் அடித்துவிட்டு 55 என்று எழுதினேன்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்போம். பண்டூராவும் அவருடைய சகாக்களும் 1977இல் அப்படி நடுங்குகிற பெரியவர்களை வைத்துத்தான், பார்ப்பதற்கும் தானே செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் மற்றவர் மலைப்பாம்பைக் கையாளுவதைப் பார்த்தார்கள், இன்னொரு பிரிவினர் துணையோடு படிப்படியாகத் தாங்களே கையாண்டார்கள். பார்த்தவர்களுக்கும் நம்பிக்கை கூடியது, கையாண்டவர்களுக்கு இன்னும் அதிகமாக. இதைப் பத்தாம் வாரம் வகுப்பில் சொன்னபோது நான் கொட்டாவி விட்டேன், ஏனென்றால் அதற்குள் அந்த மேட்டில் நானே கற்றுக்கொண்டுவிட்டேன். பத்து முதல் பன்னிரண்டு வரையிலான வாரங்களில் சொல்ல வேறொன்றும் இல்லை. மறுபார்வை, சான்றிதழ், நண்பரைச் சேர்த்துவிட்டால் தள்ளுபடி என்று ஒரு கால் மணி நேரம்.

சான்றிதழைப் பற்றி ஒரு சின்ன எரிச்சல். ஆரம்பத்திலும் முடிவிலும் பத்துக் கேள்வித் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள், ஷ்வார்ட்சர், ஜெருசலேம் இருவரும் உருவாக்கிய பொதுவான தன்திறன் அளவுகோல், 10இலிருந்து 40 வரை மதிப்பெண். எனக்கு 28 இருந்தது 30 ஆனது. இரண்டு மதிப்பெண்ணை “உங்கள் ஆற்றல் 7 சதவீதம் உயர்ந்தது” என்று தங்க எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். என் ஏணியில் 10 என்று இருந்தது 55 ஆகி, வகுப்பு முடிவதற்குள் 75க்கு வந்ததைப் பற்றிச் சான்றிதழில் ஒரு வார்த்தை இல்லை. குறிப்பிட்ட வேலையை வைத்துத்தான் இதை அளக்க வேண்டும் என்று பண்டூரா அடித்துச் சொன்னவர். ஓட்டக் கற்றதால் எனக்குச் சம்பள உயர்வு கேட்கும் தைரியம் வந்துவிடவில்லை, கூட்டத்தில் பேச இன்னும் நாக்கு ஒட்டுகிறது. அதற்கு வேறு ஏணி போட வேண்டும். போட்டும் வைத்திருக்கிறேன், அது வேறு கதை.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பணிப்புத்தகத்துக்கும் வழிகாட்டிக்கும் மட்டும் என்றால் ஐந்தே கொடுக்கலாம். நேரலை வகுப்பு பரவாயில்லை ரகம், மலை ஏறுபவர் வராத நாட்களில். குழுவில் அந்த அக்கா மாதிரி ஒருவர் உங்களுக்கும் அமைவாரா என்பது அதிர்ஷ்டம். செயலியை முதல் நாளே அழித்துவிடுங்கள். சேரும் முன் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை மணி நேரம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன், எத்தனை மணி நேரம் செய்துகொண்டிருப்பேன்? இரண்டாவது எண் சிறியதாக இருந்தாலோ, பதில் சொல்லாமல் வெற்றிக் கதை ஆரம்பித்தாலோ, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஒழுங்கு உள்ளவர் என்றால் ஒரு நோட்டும், உண்மையைச் சொல்லும் நண்பர் ஒருவரும் போதும், நீங்களே இதை நடத்திக்கொள்ளலாம். எனக்கு அந்த ஒழுங்கு கிடையாது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒருவர் கூப்பிட்டுக் கேட்பார் என்ற பயம் வேண்டியிருந்தது. அந்தப் பயத்துக்குத்தான் காசு கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது, வருத்தம் இல்லை. ஒன்று மட்டும், வெறும் தயக்கத்தைத் தாண்டி, நாள் முழுக்க மனம் பாரமாக இருந்து தூக்கம் கெட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை நம்பிப் போக வேண்டாம், முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த வரியை அந்த நிறுவனமே தன் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

இப்போது அலுவலகத்துக்கு நானே ஓட்டிப் போகிறேன். கைப்பிடியைப் பிடிப்பதை என் கணவர் இன்னும் விடவில்லை, ஒரு கைக்குக் குறைந்திருக்கிறது. நிலத்தடி வாகன நிறுத்தத்தின் அந்த வளைந்த ஏற்றத்துக்கு நான் கடைசியாகப் போட்ட எண் 35. வண்டியை மேலே தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து போகிறேன்.